நம்பிக்கைக்கு எத்தனை மார்க்?

நோயாளி தன் டாக்டரை எவ்வளவு நம்புகிறார் என்பதை எண்ணாக்கிப் பார்க்க 1990இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் வந்தது. லிண்டா ஆண்டர்சன், ராபர்ட் டெட்ரிக் இருவரும் தயாரித்தது. 11 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். சில வாக்கியங்களை வேண்டுமென்றே எதிர்மறையாக எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரைக் கண்டுபிடிக்கத்தான்.

இப்படிப்பட்ட படிவங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கும் கணக்கெடுப்பு வேலையில் இருந்தவள் நான். எதிர்மறை வாக்கியம் வந்தாலே வம்புதான். டாக்டருக்கு உங்கள்மேல் அக்கறை இல்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டால், தேனிப் பக்கத்துப் பாட்டி என் முகத்தையே பார்ப்பார். "ஏந்தாயி, டாக்டரு கேட்டுட்டு வரச் சொன்னாரா?" பேத்தியின் பிரசவத்துக்கு அதே டாக்டரிடம்தானே போக வேண்டும்? டிக் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 90களில் இந்த அளவுகோல்கள் பெருகியதற்குப் பணமும் ஒரு காரணம். சில காப்பீட்டுத் திட்டங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று டாக்டருக்கு மொத்தமாகக் கொடுத்தன. டெஸ்ட் குறைந்தால் மிச்சம் அவருக்கு. டாக்டர் யார் பக்கம் என்ற சந்தேகம் நோயாளிகளுக்கு வந்தது. 2002இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹால் குழு 10 கேள்விகளில் இன்னோர் அளவுகோல் கொண்டுவந்தது.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு முக்கியமான ஊர் டஸ்கிகி. அலபாமா மாநிலத்தில் 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராவிட்டால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் எப்படிப் போகும் என்று பார்க்கும் ஆய்வுக்கு 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. 399 பேருக்கு சிபிலிஸ். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்றார்கள். இலவசப் பரிசோதனை, சுடச்சுடச் சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவு. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததையும் விசேஷ சிகிச்சை என்றே சொன்னார்கள். யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ் தன் காரிலேயே அவர்களை ஏற்றி வந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், குடும்பத்தை விசாரித்தார். 40களில் அந்த நோய்க்கு மருந்தாகப் பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அது கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். 1972இல் பத்திரிகையில் அம்பலமாகும் வரை இது நடந்தது.

அந்த ஆட்களிடம் 1950இல் என் படிவத்தை நீட்டியிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்கள்.

பின்னாளில் மார்செல்லா ஆல்சன், மரியான் வானமேக்கர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் யாரிடமும் எதுவும் கேட்காமலே நம்பிக்கையை அளந்தார்கள். 1972க்குப் பிறகு கறுப்பின ஆண்கள் டாக்டரிடம் போவது எவ்வளவு குறைந்தது, எவ்வளவு சீக்கிரம் செத்தார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். 45 வயதுக்காரரின் எதிர்பார்க்கப்படும் ஆயுளில் ஒன்றரை வருடம் வரை குறைந்திருக்கலாம் என்று வந்தது. டஸ்கிகி ஆய்வில் இல்லாத, செய்தியை மட்டும் கேட்ட ஆண்களையும் சேர்த்துத்தான். நான் பார்த்தவற்றில் உருப்படியான அளவீடு இதுதான்.

நம் ஊரில் இந்த ஆராய்ச்சியைச் செய்தவர்களில் ஒருவர் டாக்டர் விஜயபிரசாத் கோபிசந்திரன். தமிழ்நாட்டு மக்களிடமே பேசிப் பார்த்துவிட்டு, 2015இல் சக ஆய்வாளர்களோடு இங்கத்திய அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பாரா, ராத்திரி எந்நேரம் போனாலும் பார்ப்பாரா? ஜனங்கள் அவரிடம் சொன்ன நம்பிக்கை இது. அமெரிக்கக் கேள்வித்தாளை அப்படியே தமிழில் போட்டிருந்தால் இதெல்லாம் விட்டுப்போயிருக்கும்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்பத்திரியில் குறை இருந்தாலும் பொறுத்துப் போவதையும் நம்பிக்கையின் ஒரு பக்கமாக அவர் ஆய்வு எண்ணியது. வேறு வழியில்லாதவரும் பொறுத்துத்தான் போவார். அதனால் அடுத்த டாக்டர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்பதையும் விசாரித்து, படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். அதற்கென்று கட்டம் இல்லாததால் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள்.