மொனாட் வந்த கதை

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவ நிலையத்துக்கு முன்பதிவுப் பக்கம் எழுதினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் வரவேண்டும். தலைப்பு, பட்டியல், அறிவிப்பு என்று பக்கத்தின் துண்டுகளை உருவாக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எந்த மொழி என்பதை நானே கொடுத்து அனுப்பினேன். ஓரிடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் அவசரத்தில் 'ஆங்கிலம்' என்று நேராக எழுதிவிட்டு, மாற்ற மறந்துவிட்டேன். இரத்தப் பரிசோதனைக்கு முன் சாப்பிடக்கூடாது என்று சொல்லும் வரி அது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஓர் அம்மம்மா இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வந்து, பரிசோதனை செய்யாமலே திரும்பிப் போனார். பிழை என்னுடையது.

அதைத் திருத்தும்போதுதான் ஹாஸ்கெல் மொழியின் பழைய கதை எனக்கு உண்மையில் விளங்கியது.

1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கூடிய ஆய்வாளர்கள், பலவாகப் பிரிந்து கிடந்த ஃபங்ஷனல் மொழிகளுக்குப் பொதுவாக ஒன்றை உருவாக்க முடிவெடுத்தார்கள். தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1990இல் முதல் வரையறை வந்தது. விதி கடுமையானது: ஒரு ஃபங்ஷன் தனக்குக் கொடுத்ததை வைத்து மட்டுமே விடை சொல்லவேண்டும். அப்படியானால் விசைப்பலகையோடும் கோப்புகளோடும் பேசுவது எப்படி? ஆரம்பத்தில் கோரிக்கைகளை ஒரு பட்டியலாக அனுப்பி, பதில்களை இன்னொரு பட்டியலாக வாங்கினார்கள். எழுதுபவர்களுக்குப் பெரிய சிரமம்.

1989இல் எஜெனியோ மொஜ்ஜி, நிரல்களின் பொருளை விளக்க, கணிதத்திலிருந்து மொனாட்டை எடுத்துவந்தார். பிலிப் வாட்லர் அதை நிரல் எழுதும் உத்தியாக்கினார். 1993இல் அவரும் சைமன் பேய்ட்டன் ஜோன்ஸும் அதை வைத்தே வெளியுலகோடு பேசிக் காட்டினார்கள். 1996இல் ஹாஸ்கெல் 1.3 அதை ஏற்றுக்கொண்டது.

மொனாட் என்பது, ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு எது எப்படிப் போகவேண்டும் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கும் ஏற்பாடு. நமக்குத் தேவையானதை நாமே செய்துகொள்ளலாம். ஒன்றின் மேல் இன்னொன்றை அடுக்கவும் முடியும்.

2014இல் கிறிஸ் டன் வெளியிட்ட லூசிட் என்ற ஹெச்டிஎம்எல் வார்ப்புரு நூலகம் இந்த அடுக்கைப் பயன்படுத்துகிறது. அதன் அடியில் நம் சொந்த மொனாட்டை வைக்கலாம். நான் மொழியைச் சுமக்கும் 'ரீடர்' மொனாட்டை வைத்தேன். இப்போது பக்கம் தொடங்கும் இடத்தில் மொழியை ஒரே தடவை கொடுக்கிறேன். தேவைப்படும் துண்டு தானே கேட்டு வாங்குகிறது. தொடக்கத்தில் கொடுக்க மறந்தால் கம்பைலர் விடாது.

'ஆங்கிலம்' என்று நான் மறுபடியும் நேராக எழுதினால் இதுவும் காப்பாற்றாது. ஆனால் அப்படி எழுதவேண்டிய தேவையே இப்போது இல்லை. அந்த வரி இன்று தமிழில் வருகிறது.