உணவுச் சர்க்கரைகளும் குடல்நலமும்: கடலூர், சிதம்பரம் வட்டாரம்

உணவுச் சர்க்கரைகள் என்பவை உணவிலும் பானங்களிலும் இயல்பாக உள்ளவையோ சேர்க்கப்படுபவையோ ஆன எளிய மாவுப்பொருட்கள். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டும் ஒற்றைச் சர்க்கரைகள். கரும்பில் உள்ள சுக்ரோஸ், பாலில் உள்ள லாக்டோஸ், முளைகட்டிய தானியத்தில் உள்ள மால்டோஸ் ஆகியவை இரட்டைச் சர்க்கரைகள். பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற குறுந்தொடர்ச் சர்க்கரைகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. சிறுகுடலில் உறிஞ்சப்படும் சர்க்கரை உடலுக்கு ஆற்றலாகிறது. அங்கே உறிஞ்சப்படாதது பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. ஒரு சர்க்கரையால் குடலுக்கு நன்மையா தீமையா என்பதை அதன் வகை, அளவு, உடன் உண்ணும் நார்ப்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

வட்டாரப் பின்னணி

கடலூர் மாவட்டம் தமிழ்நாட்டின் முக்கியமான கரும்பு வட்டாரங்களுள் ஒன்று. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1842-இல் தொடங்கிய சர்க்கரை ஆலை, இந்தியாவின் பழமையான ஆலைகளுள் ஒன்றாகும். சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சி நிலையம் கடலூரில் இயங்குகிறது. சாற்றில் இனிப்பு மிகுந்த கோ.சி. 671 என்ற பெயர்பெற்ற ரகம் இங்கு உருவானதே. ஆலைக் கரும்பு தவிர, பொங்கலுக்குக் கடித்துத் தின்னும் பன்னீர்க் கரும்பும் இம்மாவட்டத்தில் விளைகிறது. பண்ருட்டி பலாவும், மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று சிதம்பரத்தில் வீடுதோறும் வெல்லமிட்டுக் கிண்டும் திருவாதிரைக் களியும் இவ்வட்டாரத்தின் பிற இனிப்புகள்.

சுக்ரோஸ்: கரும்பு, வெல்லம், அஸ்கா

சுக்ரோஸில் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்துள்ளன. சிறுகுடல் சுவரில் உள்ள சுக்ரேஸ் நொதி இதைப் பிளக்கிறது. அஸ்கா எனப்படும் வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ்தான். அச்சு வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸே. அவற்றில் சிறிது தாது உப்புகளும், காய்ச்சும்போது பிரிந்த குளுக்கோஸ், ஃபிரக்டோஸும் கூடுதலாக உண்டு. குடல் நொதிக்கு இவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை.

கரும்பை உண்ணும் முறையில்தான் வேறுபாடு பெரிது. துண்டு போட்டுக் கடித்து மெல்லும்போது சாறு சிறிது சிறிதாக இறங்குகிறது. தாடை ஓய்ந்ததும் ஆள் தானாகவே நிறுத்திவிடுவார். கடையில் எந்திரத்தில் பிழிந்து, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துத் தரும் 250 மில்லி சாற்றில் சுமார் 30 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருக்கும். அதைக் குடித்து முடிக்க ஒரு நிமிடம் போதும்.

ஃபிரக்டோஸ்: பலாவும் மாவும்

ஃபிரக்டோஸை உறிஞ்சும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். அதற்கு ஒரு வரம்பும் உண்டு. வரம்பு மீறினால் எஞ்சியது பெருங்குடலை அடைந்து நொதித்து, வயிற்று உப்புசம், வாயு, சில சமயம் பேதியை உண்டாக்கும். உடன் குளுக்கோஸ் இருந்தால் ஃபிரக்டோஸ் எளிதாக உறிஞ்சப்படும். 100 கிராம் பலாச்சுளையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறத்தாழ 9 கிராம் வீதம் சமமாக உள்ளன. மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் மிகுதி. எனவே குடல் எரிச்சல் நோய் உள்ள சிலருக்கு மாம்பழம் ஒத்துக்கொள்வதில்லை. பலாவும் ஒரே அமர்வில் அளவின்றித் தின்றால் வயிற்றை உப்பச் செய்யும்.

எலிகளில் நடந்த ஆய்வுகளின்படி, சிறிதளவு ஃபிரக்டோஸைச் சிறுகுடலே மாற்றிக் கையாண்டுவிடுகிறது. அளவு கூடினால் அது கல்லீரலுக்கும் பெருங்குடலுக்கும் வழிகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. மிகை ஃபிரக்டோஸ் குடற்சுவரின் தடுப்பாற்றலைக் குலைத்துக் கல்லீரலில் கொழுப்பு சேரத் துணைபோவதாக 2020-இல் வெளியான மற்றோர் எலி ஆய்வு கண்டது.

லாக்டோஸ்: பாலும் தயிரும்

குழந்தைப் பருவம் கடந்தபின் உலக மக்களில் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் நொதி குறைகிறது. தென்னிந்தியரிடையே இக்குறைபாடு வட இந்தியரைவிட மிகுதி. பால் குடித்தால் வயிறு இரைபவர்களுக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன. உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிரிகள் செலவழித்துவிடுவதும், அவற்றின் நொதி குடலிலும் வேலை செய்வதுமே காரணம்.

நுண்ணுயிரிகளுக்கு எட்டும் மாவுப்பொருட்கள்

சுண்டல், பயறு ஆகியவற்றிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளைப் பிளக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பெருங்குடல் நுண்ணுயிரிகளே அவற்றை நொதிக்கச் செய்கின்றன. வாயு அதனால் வருவதே. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தொல்லை குறையும். சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றிலுள்ள ஃபிரக்டான்களும் இவ்வாறே நொதிக்கின்றன. இந்நொதித்தலில் உருவாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுள் பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள்.

சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறுகிறது. இரவு நீரூற்றி வைத்த பழைய சோற்றில் இதனுடன் லாக்டிக் அமில நுண்ணுயிரிகளும் பெருகுகின்றன. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆராய்ந்துள்ளது. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளும் வழக்கத்தில் செரிக்காத மாவும் ஃபிரக்டானும் ஒருசேரப் பெருங்குடலுக்குச் செல்கின்றன.

மிகைச் சர்க்கரையின் விளைவு

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மிகுந்த உணவு எலிகளில் குடலின் சளிப்படலத்தை அரிக்கும் நுண்ணுயிரிகளைப் பெருக்கி, குடல் அழற்சியைக் கடுமையாக்கியதாக 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. சர்க்கரை, குடலைக் காக்கும் டிஎச்17 நோயெதிர்ப்புச் செல்களைக் குறைத்ததாக 2022-இல் வெளியான எலி ஆய்வு கூறியது. இவற்றை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. செயற்கை இனிப்பூட்டிகளும் குடலில் விளைவற்றவை அல்ல: சாக்கரினும் சுக்ரலோஸும் சிலரின் குடல் நுண்ணுயிரிகளையும் இரத்தச் சர்க்கரை நிலையையும் மாற்றியதை, மனிதர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு காட்டியது.

பேதிக்கு மருந்தாகும் சர்க்கரை

குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. இந்த இணைப்பை 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் விளக்கினார். வாய்வழி நீரேற்றக் கரைசலான ஓ.ஆர்.எஸ். இதன் அடிப்படையில் அமைந்தது. 2002-இல் திருத்தப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் உள்ளன. சர்க்கரை இந்த அளவைவிட மிகுந்தால் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். எனவே பேதியின்போது கரும்புச்சாறும் குளிர்பானமும் ஏற்றவை அல்ல. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்கான கரைசலில் செரிக்காத மாவைச் சேர்த்தால் மலத்தில் நீரிழப்பும் பேதி நீடிக்கும் காலமும் குறைவதை 2000-இல் வெளியிட்டனர். பெருங்குடலில் உருவாகும் கொழுப்பு அமிலங்கள் உப்பையும் நீரையும் மீட்க உதவுவதே இதன் விளக்கம். புயலும் வெள்ளமும் அடிக்கடி தாக்கும் கடலூர்க் கரையோரத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்.

பரிந்துரைக்கப்படும் அளவு

தனிச் சர்க்கரைகள் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே குறைத்தால் மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே சுமார் 50 கிராமும் 25 கிராமும் ஆகும். சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு ஆகியவை இக்கணக்கில் வரும். முழுப்பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள சர்க்கரை வராது. இந்தக் கணக்கின்படி ஒரு குவளைக் கரும்புச்சாறே 25 கிராம் என்ற அளவைத் தாண்டிவிடுகிறது. அஸ்காவை விட்டு வெல்லத்துக்கு மாறுவதைவிட, இரண்டையும் குறைத்து முழுப்பழம், பயறு, தயிர், பழைய சோறு ஆகியவற்றைக் கூட்டுவதே குடலுக்கு உகந்தது.