சிறுத்த வயிறு, திரும்பும் உடல்: எடைக்குறைப்பு அறுவையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

வயிற்றை வெட்டிச் சிறிதாக்கிய பிறகும் ஒருவர் மறுபடி பருக்கிறார் என்றால் அதற்கு யார் பொறுப்பு? கத்தியா, உடலா, அவரா? மருத்துவச் சொல்லாடல் இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்லிவந்திருக்கிறது: அவர்தான். எடை குறைந்தால் வெற்றி அறுவையுடையது. கூடினால் தோல்வி நோயாளியுடையது. இந்தக் கணக்கைச் சாத்தியமாக்குகிற சொல் ஒன்று உண்டு: ‘உணர்ச்சிவயப்பட்ட உண்ணல்’. பசிக்காக அல்லாமல் துக்கத்துக்காக, தனிமைக்காக, சலிப்புக்காகத் தின்பது. இச்சொல் எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போய் என்னவாக ஆனது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். நான் மருத்துவம் படித்தவனில்லை, தமிழ் படித்தவன். சொற்களின் பின்னால் போவதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

தமிழில் இதற்குத் தனிச்சொல் கிடையாது. இல்லாததற்குக் காரணமும் இருக்கிறது. நம் பேச்சில் உணர்ச்சியின் இருப்பிடமே வயிறுதான். பெத்த வயிறு பதறுகிறது, வயிறு எரிகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. பசி ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் என்ற பிரிவினை இந்த மொழிக்குள் முழுசாக நுழையவில்லை. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வரும் அடங்காப் பசிக்கு ‘யானைத்தீ’ என்று பெயர். அது முனிவன் ஒருவனின் சாபம். மன உறுதி இல்லாதவள் என்று காப்பியம் அவளைப் பழிப்பதில்லை.

நவீன மருத்துவத்தில் இந்தப் பிரிவினைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹில்டே புரூக். 1904இல் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண் மருத்துவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவமனையில் பருத்த குழந்தைகளை ஆராய்ந்தார். அன்றைக்கு அது சுரப்பிக் கோளாறு என்பதே பரவலான கருத்து. புரூக் அதை மறுத்தார். இதுவரை சரி. அடுத்து அவர் திரும்பிப் பார்த்தது குழந்தைகளின் குடும்பங்களை. கிரேஸ் டூரேன் என்பவருடன் சேர்ந்து 1940இல் வெளியிட்ட கட்டுரையில் வருகிற தாய்மார்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள், இத்தாலியர்கள். வறுமையில் வளர்ந்தவர்கள். அன்பைக் கொடுக்கத் தெரியாமல் அதனிடத்தில் சோற்றைக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள்மீது தீர்ப்பு விழுந்தது. 1973இல் வெளிவந்த தம் பெருநூலில் புரூக் இதை இன்னும் நுட்பமாக்கினார்: குழந்தையின் எல்லா அழுகைக்கும் உணவையே பதிலாகக் கொடுத்தால், எது பசி, எது பயம் என்று பிரித்தறிய அக்குழந்தை கற்றுக்கொள்வதில்லை.

புரூக்கைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பெருந்தீனி என்ற பாவக் கணக்கிலிருந்து உண்ணலை எடுத்து, ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றுக்குள் வைத்தவர் அவர். ஆனால் விலை கொடுத்தது யார்? பட்டினியைப் பார்த்துவிட்டுக் கப்பலேறி வந்த ஒருத்தி தன் பிள்ளைக்கு இன்னொரு வாய் ஊட்டினால் அது நோய்க்குறியாம். வர்க்கமும் புலப்பெயர்வும் மறைந்து, மிஞ்சியவள் ‘அம்மா’ மட்டும்.

இதே காலத்தில் அமெரிக்காவின் இன்னொரு மூலையில் வேறொன்று நடந்தது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை வைத்து 1944 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் பட்டினிச் சோதனை நடத்தினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவின் பட்டினி மக்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்பது கேள்வி. பையன்கள் தங்கியது கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகளுக்குக் கீழே. ஆறு மாதம் அரைப்பட்டினி, நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மாக்கரோனி. வாரத்துக்கு 22 மைல் நடை. எடையில் நாலில் ஒரு பங்கு போயிற்று. கூடவே போனது மற்ற எல்லா ஆசையும். மீந்தது உணவு பற்றிய நினைப்பு மட்டும். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். மறுபடி சோறு போட ஆரம்பித்தபோது வயிறு முட்டத் தின்றும் பசி தீரவில்லை. பலர் பழைய எடையையும் தாண்டிப் போனார்கள். உடலும் மனமும் தேறியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள் இவர்கள். இவர்களுடைய அம்மாக்களை யாரும் விசாரிக்கவில்லை. எடை குறைந்த உடல் தானாகவே ‘உணர்ச்சிவயப்பட்டு’ உண்ணும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. கீஸும் கூட்டாளிகளும் இதை இரண்டு பெரிய தொகுதிகளாக 1950இல் வெளியிட்டார்கள்.

வரலாறு சில நேரம் கிண்டல் செய்யும். நாலே வருஷம் கழித்து, 1954இல், அதே மினசோட்டாவிலிருந்து கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மூவர் சிறுகுடலைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று நாய்களில் செய்து பார்த்த சோதனைகளை வெளியிட்டார்கள். குடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவை வழிமாற்றி விடும் அறுவை அங்கிருந்து மனிதர்களுக்கு வந்தது. தின்பதைத் தடுக்க வேண்டியதில்லை, தின்றது உடம்பில் ஒட்டாமல் போனால் போதும் என்பது இதன் தர்க்கம். எடை இறங்கியது. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், ஈரல் செயலிழப்பு என்று மற்றவையும் வந்தன. பிற்பாடு இந்த அறுவை கைவிடப்பட்டது, பலருக்குப் போட்ட இணைப்பைத் திரும்பப் பிரிக்க வேண்டியதாயிற்று.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். 1966இல் இட்டோவுடன் சேர்ந்து அவர் செய்த இரைப்பை மாற்றுவழி அறுவைதான் இன்றைக்கும் செய்யப்படுவதன் மூலவடிவம். 1980இல் அவரே இரைப்பையைச் செங்குத்தாகத் தைத்துப் பட்டை கட்டும் முறையைக் கொண்டுவந்தார். இங்கேதான் நம் கதை சூடுபிடிக்கிறது. வாசலைச் சிறிதாக்கியாயிற்று, ரொட்டியும் கறியும் சிக்கிக்கொள்கின்றன. ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகின்றன. உடனே ‘இனிப்புத் தின்னி’ என்று ஒரு நோயாளி வகை பிறந்தது. 1987இல் சுகர்மனும் சகாக்களும் இரண்டு அறுவைகளையும் ஒப்பிட்ட சோதனையில் இந்த வகைப்பாடு முறையாகவே இடம்பெற்றது. இனிப்புத் தின்பவர்களுக்கு மாற்றுவழி அறுவையே நல்லது என்றானது. ஏன்? மாற்றுவழிக்குப் பிறகு சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் இறங்கினால் படபடப்பு, வியர்வை, குமட்டல் வரும். ‘டம்பிங்’ என்பார்கள். பக்கவிளைவு என்று சொல்லவேண்டியதை அனுகூலம் என்று சொன்னார்கள், கண்காணிக்கும் வார்டன் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதால். ஃபூக்கோவைப் படித்த நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதற்கிடையில் லண்டனில் நடந்ததைச் சொல்லாமல் போக மனமில்லை. 1970களில் பருத்தவர்களின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் கட்டிப் பால்மட்டும் உறிஞ்சவிடும் சிகிச்சை இருந்தது. கம்பியைப் பிரித்ததும் எடை திரும்பியது. நார்த்விக் பார்க் மருத்துவமனையின் காரோ அதற்கு ஒரு வழி கண்டார். கம்பியைக் கழற்றியபின் இடுப்பைச் சுற்றி நைலான் கயிறு ஒன்றைக் கட்டிவிடுவது. பெருத்தால் கயிறு இறுக்கும், இறுக்குவதே எச்சரிக்கை. 1981இல் இதன் பலன்கள் வெளியாயின. ‘வாயைக் கட்டி வயித்தைக் கட்டி’ வளர்த்தோம் என்று நம் அம்மாக்கள் சொல்வது உருவகம். அங்கே அது செய்முறை. அரைஞாண்கயிற்றைப் பிள்ளைக்கு ரட்சையாகக் கட்டிய சமூகத்துக்காரனான எனக்கு அந்த நைலான் கயிறு ரொம்ப நாள் தொந்தரவு கொடுத்தது.

1986இல் நெதர்லாந்தில் வான் ஸ்ட்ரீனும் சகாக்களும் 33 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். அதில் 13 கேள்விகள் உணர்ச்சிவயப்பட்ட உண்ணலுக்கு. எரிச்சலாக இருக்கும்போது, தனிமையில் இருக்கும்போது, ஏமாற்றமாக இருக்கும்போது தின்னத் தோன்றுகிறதா என்று போகும் கேள்விகள். இதன்பிறகு அது மதிப்பெண். ஒரு வாழ்க்கை வரலாறாக இருந்தது சராசரியாகச் சுருங்கியது. வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் அந்தப் பகுதியில் கேள்வி கிடையாது.

கணக்கு என்ன சொல்கிறது? ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பேராய்வில் அறுவை செய்துகொண்டவர்கள் 2,010 பேர், செய்துகொள்ளாமல் ஒப்பீட்டுக்கு 2,037 பேர். 2007இல் வெளியான விவரப்படி மாற்றுவழி அறுவை செய்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள், பத்தாம் ஆண்டில் அது 25. செங்குத்துத் தையலில் 25 என்பது 16 ஆனது. பட்டை கட்டியவர்களுக்கு 20 என்பது 14. ஆக, கொஞ்சம் திரும்ப ஏறுவது சராசரியான நடப்பு. குணக்கேடு இத்தனை பேருக்கு ஒரே அளவில் வராது.

அதே ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்பதையும் சொல்லியாகவேண்டும். மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. அதே இதழில் வந்த அமெரிக்காவின் யூட்டா ஆய்விலும் மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்பு 58 சதவீதம் கூடியிருந்தது. இந்த இரண்டாவது எண்ணைப் பற்றி விளம்பரங்களில் பேச்சே இராது.

பசிக்கு வேதியியல் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. 1994இல் லெப்டின், 1999இல் ஜப்பானியர்கள் கண்டறிந்த கிரெலின். வெறும் பத்தியத்தால் எடையில் 17 சதவீதம் இழந்தவர்களின் ரத்தத்தில் பசியைத் தூண்டும் கிரெலின் 24 சதவீதம் உயர்ந்ததாக 2002இல் கம்மிங்ஸ் குழு காட்டியது. மைதானப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த பையன்கள் தட்டை நக்கியதற்கு அரை நூற்றாண்டு கழித்து விளக்கம் வந்தது.

அப்படியானால் உணர்ச்சி என்பதே பொய்யா? இல்லை. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் எடைக்குறைப்புப் பிரிவு நடத்தினார். அது அறுவை அல்ல, திரவ உணவுப் பட்டினி. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போவது அவருக்குப் புதிராக இருந்தது. ஒரு இளம்பெண் ஓராண்டுக்குள் 408 பவுண்டிலிருந்து 132க்கு இறங்கினாள். பிறகு மூன்றே வாரத்தில் 37 பவுண்டு ஏறினாள். விசாரித்ததில், வேலை செய்யும் இடத்தில் ஒரு ஆண் அவளை அணுகியிருக்கிறான். அதற்கும் பின்னால் சிறுவயதில் குடும்பத்துக்குள் நேர்ந்த பாலியல் வன்முறை இருந்தது. மற்றவர்களைக் கேட்கக் கேட்க இதே கதை திரும்பத் திரும்ப வந்தது. மருத்துவர் பிரச்சினை என்று பார்த்த கொழுப்பு அவர்களுக்குத் தீர்வாக இருந்தது, ஆண்களின் பார்வையிலிருந்து மறைத்துக்கொள்ள ஒரு சுவர். குழந்தைப்பருவக் கொடுமைகள் குறித்து 1998இல் வெளியான பெரிய ஆய்வு இங்கிருந்துதான் கிளம்பியது. இந்தப் பெண்ணிடம் போய் 13 கேள்விப் படிவத்தை நீட்டினால் என்ன வரும்?

பெண்கள் இதை மருத்துவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள் என்பதுதான் விஷயம். லாஸ் ஏஞ்சல்ஸின் ‘ஃபேட் அண்டர்கிரவுண்ட்’ குழுவைச் சேர்ந்த ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் ஆல்டிபரானும் 1973இல் பருத்தவர் விடுதலை அறிக்கை எழுதினார்கள். எடைக்குறைப்பு வியாபாரத்தையே எதிரியாக அறிவித்தார்கள். 1978இல் சூசி ஆர்பாக், கட்டாயத் தீனிக்குள் பெண்ணின் எதிர்ப்பும் இருக்கிறது என்று எழுதினார். இரண்டு நிலைப்பாடும் ஒன்றல்ல. முன்னவர்கள் ‘எங்கள் உண்ணலில் நோயே இல்லை’ என்றவர்கள். ஆர்பாக் நோய் உண்டு, அதன் வேர் சமூகத்தில் என்றவர். எனக்கு ஆர்பாக் பக்கம் சாய்வு அதிகம். ஆனாலும் முன்னவர்கள் கோபத்தில்தான் மருத்துவமனை வாசலுக்கு வெளியே நிற்கிற துணிச்சல் இருக்கிறது.

நம் வட்டத்தில் ‘உடல் ஒரு பிரதி’ என்று சொல்லி முடித்துக்கொள்கிற வழக்கம் உண்டு. முட்டி தேய்ந்து மாடி ஏற முடியாதவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், பள்ளி ஆசிரியை, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை செய்துகொண்டவர். சர்க்கரை குறைந்தது, நடை திரும்பியது, அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறார். ஒன்றரை வருஷத்தில் 30 கிலோ இறங்கி, அப்புறம் 14 கிலோ ஏறிவிட்டது. மாமியாரின் நோய்ப்படுக்கையும் இரவுச் சமையலும் நடந்த வருஷங்கள் அவை. ஏற ஆரம்பித்ததும் பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். “போனா எல்லார் முன்னாடியும் எடையப் படிப்பாங்க தம்பி, மார்க் ஷீட் வாசிக்கிற மாதிரி. மனசு அடங்கலியாம்மான்னு ஒரு கேள்வி வேற. நான் புள்ளைங்களுக்கே அப்படி வாசிக்கிறதில்ல” என்றார். இப்படிப் போகாமல் நின்றுவிடுகிறவர்கள் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ ஆகிறார்கள். நீண்டகாலப் பலன் பற்றிய கணக்குகளில் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அவமானம் புள்ளிவிவரத்தைத் திருத்துகிறது.

இப்போது ஊசி வந்திருக்கிறது. செமாகுளூடைடை எடைக்குறைப்புக்காக அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் இவ்வகை மருந்துகள் தரப்படுகின்றன. ஊசியை நிறுத்தியவர்களுக்கு இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது என்று 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த எடை திரும்பியதற்கு யாரும் நோயாளியின் மனதைக் காரணம் காட்டவில்லை. இது நாட்பட்ட நோய், மருந்தைத் தொடர்ந்து எடுக்கவேண்டும் என்று விளக்கம் தந்தார்கள்.