துகிலுரிதல் முதல் துப்பறிதல் வரை: சேலத்துத் திரையும் பெண்ணும்

1958ஆம் ஆண்டில் ஜப்பானியத் திரையரங்குகள் 112 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகளை விற்றன. தொலைக்காட்சிப் பெட்டி வீடுதோறும் நுழைந்தபின் 1972இல் அது 20 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. எழுபதுகளின் ஜப்பானியச் 'சுரண்டல் சினிமா'வைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களே போதுமானவை. வீட்டுக் கூடத்தில் காட்டமுடியாததைத் திரையரங்கில் காட்டிப் பிழைப்பது என்று படநிறுவனங்கள் முடிவெடுத்தன. பழம்பெரும் நிறுவனமான நிக்காட்சு, 1971 நவம்பர் முதல் மலிவுச் செலவிலான பாலியல் படங்களுக்கு முழுமூச்சாக மாறியது. தோயெய் நிறுவனமோ குருதியையும் நிர்வாணத்தையும் குழைத்து, அக்கலவையின் நடுவே கத்தியேந்திய ஒரு பெண்ணை நிறுத்தியது.

அவ்வகையில் இன்றளவும் பேசப்படுவது இத்தோ ஷுன்யா இயக்கிய 'பெண் கைதி 701: தேள்' (1972). காவல்துறையைச் சேர்ந்த காதலன் தன் ஆதாயத்துக்காக நாயகியைக் கொள்ளைக்கூட்டத்திடம் இரையாக அனுப்புகிறான். சீரழிக்கப்பட்ட அவள் சிறைபுகுந்து, அங்கும் வதைபட்டு, தப்பிவந்து பழிதீர்க்கிறாள். நாயகியாக நடித்த காஜி மெய்கோ, நிக்காட்சு பாலியல் படங்களுக்கு மாறியபோது அங்கிருந்து வெளியேறியவர். மூலமான படக்கதையில் நாயகி வசைச்சொற்களைக் கொட்டுபவள். காஜியோ, அவளைப் பெரும்பாலும் பேசாதவளாக ஆக்கினால்தான் நடிப்பேன் என்றார். விளைவாக, திரையெங்கும் பெண்ணுடல்கள் இறைந்து கிடக்க, நடுவில் ஒருத்தி ஏதும் பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தகைய படங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அதெல்லாம் அந்நியப் பண்பாட்டின் வக்கிரம் என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்கின்ற எனக்கு அப்படி ஒதுக்க மனம் வருவதில்லை. பெண்ணுக்கு நேரும் அவமானத்தைக் காட்சிப்பொருளாக்கி விற்கும் வணிகம் எங்கள் ஊரில் ஜப்பானுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கடை விரித்திருந்தது. சரக்கின் மேல் ஒட்டப்பட்ட முகப்புச்சீட்டு மட்டுமே வேறு.

திருச்செங்கோட்டில் 1907இல் பிறந்த டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஊர் திரும்பியபின் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகித் திரைத்தொழிலில் இறங்கினார். அந்நிறுவனம் 1934இல் எடுத்த படம் 'திரௌபதி வஸ்திராபகரணம்'. ஆடைத் தொழில் படித்தவர் முதலில் கைவைத்த கதை துகிலுரிதல் என்பது வேடிக்கைதான். அடுத்த ஆண்டு 'நல்லதங்காள்'. பசியால் வாடி, அண்ணியால் துரத்தப்பட்டு, ஏழு குழந்தைகளையும் கிணற்றில் வீசிவிட்டுத் தானும் விழுகின்றவளின் கதை. பின்னர் அவர் சொந்தமாகத் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் 'சதி அகல்யா' (1937). இந்திரனால் வஞ்சிக்கப்பட்டவளே கணவன் சாபத்தால் கல்லாகிறாள் என்பது நாமறிந்த கதை.

இவையெல்லாம் புராணமும் நாட்டார் கதையும்தானே, நாடக மேடையில் ஏற்கெனவே ஆடப்பட்டவைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 'சதி அகல்யா'வின் நாயகியாக இலங்கையிலிருந்து வந்த கே. தவமணிதேவியை அறிமுகப்படுத்தியபோது, நீச்சலுடையில் எடுத்த அவருடைய நிழற்படங்கள் பத்திரிகைகளுக்கு வழங்கப்பட்டன. உள்ளே கற்பின் கதை, வாசலில் நீச்சலுடை! சுந்தரம் பார்வையாளனை நன்கு அறிந்திருந்தார் என்றே சொல்லவேண்டும்.

இந்த வரலாற்றில் என்னை நின்று யோசிக்க வைக்கும் ஆண்டு 1950. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' மாடர்ன் தியேட்டர்ஸில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'பொன்முடி'யாக வெளிவந்தது. அதன் காதற்காட்சிகள் வரம்புமீறியவை என்று கண்டிக்கப்பட்டன. அதே ஆண்டில், அதே நாயகி மாதுரிதேவியை வைத்து 'மந்திரிகுமாரி' வந்தது. வசனம் மு. கருணாநிதி. டங்கன் அமெரிக்கா திரும்பியதால் சுந்தரமே இயக்கி முடித்தார்.

'மந்திரிகுமாரி'யின் கரு குண்டலகேசி. நாதகுத்தனாரின் அக்காப்பியத்தில் நமக்கு எஞ்சியவை பத்தொன்பது பாடல்களே. கதையை நீலகேசி உரையாலும் பௌத்த நூல்களாலும் அறிகிறோம். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனைக் கண்டு காதலுற்ற வணிகர் மகள் பத்திரை, அவனை மீட்டு மணக்கிறாள். ஊடலில் அவனுடைய பழைய தொழிலைச் சுட்டிவிட, அவன் அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். சாகுமுன் உன்னை மும்முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் வந்தவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். வகுப்பில் இந்த இடம் வரும்போது, பாடத்தில் ஆர்வமற்ற மாணவரும் நிமிர்ந்து உட்காருவர். 'ஐயா, இது அந்தப் பாட்டு வருகிற படம்தானே' என்பர். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாடல் அவர்களுடைய தாத்தா காலத்தது.

காப்பியத்துப் பத்திரை கொலைக்குப்பின் சாகவில்லை. துறவு பூண்டாள். நாவற்கிளையை நட்டு ஊரூராக வாதுக்கு அழைத்தாள். சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் தழுவினாள். அவள் வாய்மொழியாகச் சொல்லப்படும் பாடல்கள் பாலி மொழித் தேரிகாதையில் உள்ளன. திரைப்படத்து அமுதவல்லிக்கு அந்த வாழ்வு வழங்கப்படவில்லை. கொள்ளையனான கணவனை உச்சியிலிருந்து தள்ளியவள் அரசவையில் வந்து உண்மையுரைக்கிறாள். அவனுடைய தந்தையாகிய ராஜகுருவின் கையால் மடிகிறாள். பகுத்தறிவு வசனங்கள் முழங்கிய அப்படத்திலும், கணவனைக் கொன்றவளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய புலவனுக்கு இருந்த துணிவு அது.

1963இல் சுந்தரம் மறைந்தபின் ஜேம்ஸ்பாண்ட் அலை சேலத்தையும் தொட்டது. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970), 'கருந்தேள் கண்ணாயிரம்' (1972) என்று துப்பறியும் படங்கள் வரிசைகட்டின. முதலிரண்டின் நாயகன் ஜெய்சங்கர். (மூன்றாவதன் தலைப்பிலும் ஒரு தேள் இருப்பது தற்செயலே.) இக்காலத் தமிழ்க் குற்றப்படங்கள் பெண்ணை இரண்டாகப் பிளந்துகொண்டன. நாயகி காதலித்துக் காப்பாற்றப்படுவாள். எதிர்நாயகனின் கூடாரத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில் ஆடும் நடனக்காரி பார்க்கப்படுவாள், பெரும்பாலும் இறுதிக்காட்சிக்கு முன்பே குண்டடிபட்டுச் சாவாள். பார்ப்பதற்கு ஒருத்தி, மணப்பதற்கு ஒருத்தி என்ற இந்த ஏற்பாட்டில் பார்வையாளனின் மனச்சாட்சிக்கு எந்தச் சேதமும் இல்லை. 'தேள்' அவ்விருவரையும் ஒரே உடலில் அடைத்தது. எவளைப் பார்த்து அரங்கம் கிளர்ந்ததோ, அவளே கத்தியோடு திரும்பி வந்தாள். சாகவும் இல்லை, 1973க்குள் காஜி நடிப்பிலேயே மூன்று தொடர்ச்சிகள் வந்தன. இதைப் பெண்விடுதலை என்று கொண்டாடும் மேலைநாட்டு விமர்சனங்களோடு நான் உடன்படவில்லை. வதையை விலாவாரியாகக் காட்டிக் காசு பார்த்தபின் பழிவாங்கலைக் காட்டி இன்னொரு முறை காசு பார்ப்பது வணிகக் கணக்கு. ஆயினும் குற்றவாளி யார் என்பதில் அந்தப் படம் குழம்பவில்லை. அகல்யையைக் கல்லாக்கிய கதைகளுக்கு அந்தத் தெளிவு இல்லை.

'சி.ஐ.டி. சங்கர்' படத்தின் நாயகி ஏ. சகுந்தலா எங்கள் சேலம் அரிசிப்பாளையத்துக்காரர். குழு நடனத்திலிருந்து உயர்ந்தவர். அப்படத்தின் முன்னொட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. துப்பறிந்தவர் சங்கர், பட்டம் சகுந்தலாவுக்கு! ஆனால் அதன்பின் அவருக்குப் பெரும்பாலும் வந்தவை கவர்ச்சி நடனங்களும் எதிர்நாயகி வேடங்களுமே. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. 2024 செப்டம்பரில் சகுந்தலா பெங்களூரில் காலமானார். அச்செய்தியும் 'சி.ஐ.டி. சகுந்தலா' என்றுதான் வெளிவந்தது.