முகமும் முடியும்

தத்தம் முக அமைப்பிற்கேற்ப முடியைத் திருத்திக்கொள்ள விரும்புதல் இளமையின் இயல்பு. அகன்ற நெற்றியுடையார் அதன்மேல் முடி சிறிது தாழ விடுவர். வட்ட முகத்தினர் உச்சியில் உயர்த்தி வாருவர். கண்ணாடி முன் நிகழும் இச்சிறு தேர்வு எத்துணைப் பெரிய உரிமை என்பதைச் சீன நாட்டு வரலாறு காட்டுகின்றது.

பண்டு சீன ஆடவர் நீண்ட முடியை உச்சியில் கொண்டையாக முடிந்து வந்தனர். பெற்றோர் அளித்த உடலையும் முடியையும் சிதைத்தலாகாது என்பது அவர்தம் அறம். 1644-ஆம் ஆண்டில் மஞ்சு இனத்தவர் பெய்ஜிங் நகரைக் கைப்பற்றினர். முன்தலையை மழித்துப் பின்னே சடை தொங்கவிட வேண்டுமென 1645-இல் ஆணை பிறந்தது. மறுத்தோர்க்கு மரண தண்டனை. யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஜியாங்யின் நகரத்தார் பணிய மறுத்து, ஏறத்தாழ 80 நாள் போரிட்டு மாண்டனர்.

காலம் சென்றது, வன்முறையால் வந்த சடையே மரபாயிற்று. எழுத்தாளர் லூ சுன், ஜப்பானில் மாணவராயிருந்தபோது, 1903-இல் தம் சடையை அறுத்தெறிந்தார். தாயகம் திரும்பியபொழுது பொய்ச்சடை அணிந்தார். அதனைக் களைந்து நடந்தபோது தெருவில் ஏளனத்திற்கு ஆளானார். 1911-இல் புரட்சி வெடித்தது. 1912-இல் குடியரசு, சடையைக் களையுமாறு ஆணையிட்டது. தயங்கிய எளியோர் பலருடைய சடைகளைப் படைவீரர் வலிந்து கத்தரித்தனர்.

சடையைச் சுமத்தியதும் ஆணை, அறுத்ததும் ஆணை. எம்முகத்திற்கு எது பொருந்தும் என்று எவரும் கேட்டிலர். இன்று உங்களுக்கு அவ்வுரிமை உண்டு. அதனை அயலார்க்கும் அளியுங்கள். பிறர் முடியைக் கண்டு நகைப்பவர், அரசன் இல்லாமலே அப்பழைய ஆணையை நிறைவேற்றுபவராவர்.