தீ மாற்றியதா, திட்டம் மாற்றியதா?

ஓர் அரசாங்கத்தின் கொள்கை எப்படி மாறுகிறது? மெல்ல மெல்ல நகர்கிறதா, இல்லை ஒரே நாளில் தலைகீழாகப் புரள்கிறதா? பல்கலைக்கழகங்களில் இது பழைய வழக்கு. 1959ல் அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் லிண்ட்புளோம் முதல் தரப்புக்காக வாதாடினார். எந்த அதிகாரிக்கும் எல்லாம் தெரிந்திருக்க முடியாது; ஆகவே நேற்று செய்ததைச் சற்றே மாற்றி இன்று செய்வார், தவறினால் நாளை திருத்துவார் என்றார். 1993ல் பிராங்க் பௌம்கார்ட்னரும் பிரையன் ஜோன்சும் அதை மறுத்தனர். நெடுங்காலம் அசையாமல் கிடக்கும் கொள்கை, நாட்டின் கவனம் முழுவதும் அதன்மேல் விழும்போது திடீரென்று உடைந்து மாறும் என்பது அவர்கள் கருத்து.

சிங்கப்பூரின் வீடமைப்பு வரலாறு இருவரையும் சோதித்துப் பார்க்க ஏற்ற களம்.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. அத்தாப்புக் கூரைகள், பலகை வீடுகள், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள். காற்றும் சேர்ந்துகொண்டது. நால்வர் மாண்டனர். ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்து பள்ளிக்கூடங்களில் தஞ்சம் புகுந்தனர். தீக்கான காரணம் பற்றி வதந்திகள் பல உலவின; அவை இன்னும் ஓயவில்லை.

எரிந்த நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்தியது. 1962லேயே அங்கு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி. முன்பு 1927 முதல் இருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட், 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். அதன் இடத்துக்கு வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேல் கட்டியது. திடீர் மாற்றம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வேண்டும். ஏனென்றால் கம்பங்கள் எரிந்தது அதுவே முதல் முறை அல்ல. 1934ல் எரிந்தது, 1953ல் எரிந்தது, 1959 பிப்ரவரியில் அருகிலிருந்த கம்போங் தியோங் பாருவும் எரிந்தது. அப்போதெல்லாம் புரளாத கொள்கை 1961ல் மட்டும் ஏன் புரண்டது?

தீக்கு முன்பே அடுப்பு மூட்டப்பட்டிருந்தது என்பதே காரணம். கழகம் 1960 பிப்ரவரியில் பிறந்துவிட்டது. தலைவர் லிம் கிம் சான் அவசரக்காரர். ஆடம்பரம் இல்லாத, மலிவான வீடுகளை வேகமாகக் கட்ட ஏற்கனவே இறங்கியிருந்தார். அரசியலும் நெருக்கியது. தீக்குச் சரியாக 26 நாள்களுக்கு முன், ஏப்ரல் 29ல், ஹோங் லிம் இடைத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி படுதோல்வி கண்டது. வென்றவர் அதன் முன்னாள் தேசிய வளர்ச்சி அமைச்சர் ஓங் எங் குவான். வீடிழந்த 16,000 பேரையும் கைவிடுவது அந்த அரசாங்கத்தால் இயலாத காரியம்.

குடியேறியவர்களுக்கு இது அத்தனை இனிப்பான கதை அல்ல. கோழியும் பன்றியும் வளர்த்தவர்கள் மாடிக்கு அவற்றைக் கொண்டுபோக முடியவில்லை. மாதாமாதம் வாடகை கட்டிப் பழகாதவர்கள் கட்டியாக வேண்டியிருந்தது. கொள்கை ஒரே பாய்ச்சலில் மாறலாம். குடும்பத்தின் வரவு செலவு அப்படி மாறாது.

இதற்குள் லிண்ட்புளோம் சொன்னதும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மத்திய சேமநிதி 1955ல், காலனி ஆட்சியில், முதுமைக்காலச் சேமிப்புக்காகத் தொடங்கியது. வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் 1964ல் வந்தது. முன்பணத்துக்கு வழியில்லாமல் பலர் ஒதுங்கி நின்றனர். 1966ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1968ல் சேமநிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். பழைய நிதி, பழைய திட்டம், நடுவில் ஒரு திருத்தம், அவ்வளவுதான். தீ 16,000 பேரைக் கம்பத்திலிருந்து வெளியேற்றியது. வாடகைக்காரர்களை வீட்டுக்காரர்களாக்கியது அந்தத் திருத்தம். அதற்கு எந்தக் கம்பமும் எரியவில்லை.