நரக வாய் முதல் ரோஸ் அரங்கு வரை: ஆங்கில மேடைப் பொருட்களின் கணக்கு வழக்கு

ஆங்கில நாடக வரலாறு பெரும்பாலும் பிரதிகளை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. மேடைப் பொருட்களைத் தேடுபவர்களுக்குக் கணக்கேடுகளே கதி. அவற்றுள் பழையதும் வளமானதுமான ஒன்று, யார்க் நகரத் துணி வணிகர் சங்கம் 1433-இல் எழுதிவைத்த ஒப்பந்தம். நகரத் திருவிழாவில் சங்கங்கள் பங்கிட்டு நடத்திய விவிலிய நாடகங்களில் 'இறுதித் தீர்ப்பு' அச்சங்கத்தின் பொறுப்பு. நான்கு சக்கர மேடை வண்டி, நரக வாய், பிசாசுகளின் உடைகள், கயிற்றை இழுத்தால் சொர்க்கத்தில் ஓடும் சின்னஞ்சிறு தேவதூதர் பொம்மைகள் என ஒவ்வொன்றும் அதில் பட்டியலாகியுள்ளது. பெற்றுக்கொண்டவர்கள் அடுத்து வருபவர்களிடம் அவற்றை ஒப்படைத்தாக வேண்டும். உடைமை சங்கத்துக்கு, காவல் மட்டுமே தனிமனிதருக்கு.

பொருளைச் செய்யும் கைகளும் சங்கத்துக்குள்ளேயே இருந்தன. யார்க்கில் நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுடையது. சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்பவர்களுடையது. (இதில் யாரோ ஒருவரின் குறும்பு இருந்திருக்க வேண்டும்.) கோவென்ட்ரி நகரத் துணி வணிகர் கணக்கில் நரக வாயில் தீயை அணையாமல் பார்த்துக்கொண்டவருக்கு 4 பென்ஸும், உலகத்துக்குத் தீ வைத்தவருக்கு 5 பென்ஸும் கூலியாக எழுதப்பட்டுள்ளன.

சமயச் சீர்திருத்தம் இந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. யார்க் நாடகங்கள் 1569-இலும் கோவென்ட்ரி நாடகங்கள் 1579-இலும் கடைசியாக நடந்தன. இதற்கிடையே 1576-இல் ஜேம்ஸ் பர்பேஜ் லண்டனுக்கு வெளியே நிரந்தர அரங்கு ஒன்றைக் கட்டியிருந்தார். ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கு எடுக்கப்பட்ட பொருள், இனி நாள்தோறும் மாறும் நாடகங்களுக்கு ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று.

ரோஸ் அரங்கின் உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோவின் தாள்களில் கிடைத்த 1598 மார்ச் மாதப் பட்டியல் இந்த மாற்றத்தைக் காட்டுகிறது. பாறை ஒன்று, கல்லறை ஒன்று, நரக வாய் ஒன்று எனத் தொடங்கி, டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகத்துக்கான டிராகன், மால்டாவின் யூதனுக்கான கொப்பரை, டாம்பர்லேனின் கடிவாளம், மரக்கால், மூன்று தலை நாய் என அது நீள்கிறது. 'ரோம் நகரம்' என்றும் ஓர் உருப்படி உண்டு. வண்ணம் தீட்டிய திரையாக இருக்கலாம். உடைகளுக்கான பட்டியலில், அணிந்தவர் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்பதைக் குறிக்கும் அங்கியும் இடம்பெறுகிறது. ஃபாஸ்டஸ், யூதன், டாம்பர்லேன் நாடகங்களை எழுதிய மார்லோவின் பெயர் எங்குமில்லை. அவருடைய நாடகங்கள் மட்டும் கொப்பரையாகவும் கடிவாளமாகவும் நிற்கின்றன. சங்கத்தின் நரக வாய் இங்கேயும் இருக்கிறது, ஆனால் இப்போது அது தொழில் முதல். இப்பட்டியலை ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் மலோன் 1790-இல் அச்சேற்றினார்; மூலத் தாள் பிறகு தொலைந்துபோனது.

தேய்ந்து தீரும் பொருட்கள் பட்டியலில் ஏறுவதில்லை. அவற்றுக்கு வேறு சான்று தேவை. மேடைக்குப் பின்னால் தொங்கவிடப்பட்ட காட்சிக் குறிப்பு அட்டைகள் சில தப்பியுள்ளன. 'அல்கஸார் போர்' நாடகத்தின் அட்டையில், மூன்று புட்டி இரத்தமும் ஓர் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலும் வேண்டுமென ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு காட்சி நாளிலும் யாரோ கசாப்புக் கடைக்குப் போய்வந்திருக்க வேண்டும்.

பணம் எங்கே போனது என்பதையும் ஹென்ஸ்லோவின் நாட்குறிப்பே சொல்கிறது. 1603-இல் தாமஸ் ஹேவுட் எழுதித் தந்த நாடகத்துக்குக் கொடுக்கப்பட்டது 6 பவுண்டு. அதே நாடகத்தின் கதாநாயகிக்கு எடுத்த கறுப்பு வெல்வெட் கவுனின் விலை 6 பவுண்டு 13 ஷில்லிங்.